ஏரி தெரிந்தது, கிணறு தெரியவில்லை: 2019 சென்னைத் தண்ணீர்ப் பஞ்சம், ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஜூன் மூன்றாவது வாரம். அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: கட்டடத்தில் தண்ணீர் இல்லை, முடிந்தவர்கள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள். சிரிப்புத்தான் வந்தது. மடிப்பாக்கத்தில் எங்கள் போர்வெல் இரண்டு வாரம் முன்பே தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்க ஆரம்பித்திருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம், குளிக்கத்தான் எங்கே போவது?

அதே வாரம் அமெரிக்காவிலிருந்து அக்கா பேசினாள்.

"டேய், சேட்டிலைட் படம் பார்த்தேன். புழல் ஏரி மொத்தமா காய்ஞ்சு கிடக்கே. குடிக்கவாவது தண்ணி இருக்கா?"

"இருக்குக்கா."

"எங்கேருந்து வருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. லாரியில் வருகிறது, கேனில் வருகிறது என்று சொல்லலாம். லாரிக்கு எங்கிருந்து வருகிறது? குடிநீர் தரும் நான்கு ஏரியும் காய்ந்த ஊரில் ஏதோ ஒரு தண்ணீர் தினமும் வந்துகொண்டுதானே இருந்தது?

அந்த ஒரு கேள்வியை வைத்து நாங்கள் மூன்று பேர் சில மாதங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். நான் தரவு வேலையில் பிழைப்பவன். இன்னொருவர் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர். மூன்றாமவர் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர். எங்களுக்கு அவர் 'சார்'. உலகத்துக்கே பொதுவாக, இலவசமாகக் கிடைக்கும் தரவுகளை மட்டும் வைத்து முதலில் பார்ப்பது, அப்புறம் ஊர்க் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். உலகத் தரவு எதைச் சரியாகச் சொன்னது, எதில் கையை விரித்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மழை

சுலபமான இடத்தில் ஆரம்பித்தோம். மழைக்கு உலக அளவில் நல்ல தரவுகள் உண்டு. சிர்ப்ஸ் என்ற தொகுப்பு 1981-லிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கட்டங்களில் மழையைத் தருகிறது. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 தொகுப்பு 1940 வரை பின்னோக்கிப் போகிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் 31 கிலோமீட்டர் அகலம்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் 600-க்குப் பக்கம்தான். குடைக்குப் பேர்போன ஊரைவிட இரண்டு மடங்குக்கு மேல் மழை பெய்யும் ஊர் குடத்துக்கு அலைகிறது. காரணம், நம் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதம் கைவிட்டால் அடுத்த வாய்ப்பு ஒரு வருடம் கழித்துத்தான்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் படுத்துவிட்டது. 62 சதவீதக் குறைவு. 2017 பரவாயில்லை. 2018-ல் மாநிலக் கணக்கு 24 சதவீதக் குறைவு என்றது. கேட்டால் பெரிய ஆபத்தாகத் தோன்றாது. ஆனால் அந்த நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து டெல்டாவில் கொட்டியது. அந்த மழையும் மாநிலச் சராசரிக்குள் சேர்ந்துவிட்டது. சென்னை மாவட்டத்துக்கு வழக்கமாக வருவதில் பாதிகூட வரவில்லை. நாகப்பட்டினத்தில் தென்னையைச் சாய்த்த புயலின் மழை, சென்னையின் வறட்சியைக் காகிதத்தில் மறைத்துவிட்டது.

கட்டத்தின் அகலம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர். இரண்டுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். 31 கிலோமீட்டர் கட்டத்தில் இரண்டும் கலந்து ஒரே எண்ணாகிவிடும். தாம்பரத்துக்காரர் மொட்டை மாடிக்கு ஏறிய இரவு அந்த எண்ணில் தெரியாது.

ஆனாலும் வறட்சியைப் பார்க்க இந்தத் தரவு போதும். வெள்ளம் தெருவுக்குத் தெரு மாறும். வறட்சி அப்படியில்லை, பரந்து படுத்துக்கொள்ளும். மழை பொய்த்தது என்பதை உலகத் தரவு பிசகில்லாமல் சொன்னது. அக்கா கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

ஏரி

எங்களுக்கு அதிகம் பிடித்துப்போன பகுதி இது. அதிகம் ஏமாந்ததும் இங்கேதான்.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-லிருந்து எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்கின்றன. தண்ணீரைப் பிரித்தறியும் சூத்திரம் எளிது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், பச்சை ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டையும் ஒப்பிட்டால் எது நீர், எது நிலம் என்று படப்புள்ளி படப்புள்ளியாகக் குறிக்கலாம். மூன்று வாரம் உட்கார்ந்து பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்குக்கும் நீர்ப்பரப்பு வரைபடம் போட்டோம். நீலம் மாதாமாதம் சுருங்கி, கடைசியில் கரையோரம் ஒரு கீற்றாக நின்றது. பெருமையோடு சாரிடம் காட்டினோம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "இதெல்லாம் சரி. மெட்ரோ வாட்டர் வெப்சைட்ல தினமும் காலையில ஏரி மட்டம் போடறாங்களே, பார்க்கலையா?"

பார்க்கவில்லை. மெட்ரோ வாட்டர் என்பது சென்னைக் குடிநீர் வாரியம். அடிக் கணக்கில் எவ்வளவு மட்டம், மில்லியன் கனஅடியில் எவ்வளவு இருப்பு, போன வருடம் இதே நாளில் எவ்வளவு, எல்லாம் அங்கே இருக்கிறது. விண்வெளியிலிருந்து நாங்கள் மோப்பம் பிடித்ததை, கரையில் நட்ட அளவுகோலைப் பார்த்து யாரோ ஒரு ஊழியர் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அதோடு விடவில்லை அவர். "பரப்பு பாதியாச்சுன்னா தண்ணியும் பாதின்னு போட்டிருக்கீங்களே, அது தப்பு," என்றார். ஏரி என்பது கிண்ணம் இல்லை, ஆப்பு மாதிரி. கரையோரம் ஆழம், எதிர்ப்பக்கம் மெல்ல மெல்ல மேடேறித் தரையோடு சேர்ந்துவிடும். வெட்டிப் பார்த்தால் முக்கோணம். அதில் நீளம் பாதியானால் ஆழமும் பாதியாகிவிடும். தண்ணீர் கால்பங்காகிவிடும். தோராயக் கணக்குத்தான், ஆனால் அடிப்படை அதுதான். பரப்பை மட்டும் பார்க்கிறவனுக்கு ஏரி பாதி இருப்பதாகத் தோன்றும்போது, நிஜத்தில் முக்கால்வாசி போயிருக்கும். எச்சரிக்கை மணி தாமதமாகத்தான் அடிக்கும்.

இன்னொரு தொல்லை ஆகாயத்தாமரை. மேலே படர்ந்துவிட்டால் செயற்கைக்கோளுக்கு அது பச்சை நிலம். மழைக்காலத்தில் மேகம், சரியாக ஏரி நிறையும் வாரங்களில்தான் படம் முழுக்க வெள்ளையாக இருக்கும். சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். ஆனால் அந்தப் படத்தை வாசிக்கத் தனிப் பழக்கம் வேண்டும்.

அப்படியானால் செயற்கைக்கோள் வீண்தானா? இல்லை. நான்கு பெரிய ஏரிகளுக்கு அளவுகோலும் ஊழியரும் உண்டு. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் சின்ன ஏரிகளுக்கும் தாங்கல்களுக்கும் யார் இருக்கிறார்கள்? ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 1984-லிருந்து எடுத்த லேண்ட்சாட் படங்களை அலசி, உலகத்தில் எங்கெங்கே எப்போதெல்லாம் மேற்பரப்பு நீர் இருந்தது என்று 30 மீட்டர் நுணுக்கத்தில் வரைபடம் போட்டிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி அதைத் திறந்து பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. சின்ன வயதில் பேருந்து ஜன்னலிலிருந்து தண்ணீராகப் பார்த்த இடம் வரைபடத்திலும் தண்ணீர்தான், பழைய வருடங்களில். இன்று எங்கள் அலுவலகம் அங்கேதான் நிற்கிறது. கழிவறைக்குத் தண்ணீர் இல்லை என்று மின்னஞ்சல் அனுப்பிய அதே அலுவலகம்.

இந்த வரைபடத்தை நம் ஊரில் வாசிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். வருடம் முழுக்க நீர் இருந்தால் நிரந்தரம், சில மாதம் இருந்தால் பருவகாலம் என்று அது பிரிக்கிறது. நம் ஏரிகள் மழைக்கு நிறைந்து, பாசனத்துக்குத் திறந்து, கோடையில் வற்றுவதற்கென்றே வெட்டப்பட்டவை. வற்றுவது அதற்கு நோய் இல்லை. கோடைப் படத்தைக் காட்டி ஏரி செத்துவிட்டது என்று கூவுகிறவர்கள் மார்கழியில் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

525

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கனஅடி. ஒரு மில்லியன் கனஅடி என்பது ஏறத்தாழ 2.83 கோடி லிட்டர். நல்ல காலத்தில் மெட்ரோ வாட்டர் நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர், அதாவது 830 எம்.எல்.டி. கொடுத்துவந்தது. வகுத்துப் பார்த்தால் நான்கும் நிறைந்திருந்தாலே ஏறத்தாழ 384 நாளுக்குத்தான் வரும், வெயில் குடிப்பதை விட்டுவிட்டால். ஊரின் பானை ஒரு வருடப் பானை. ஒரு பருவமழை தப்பினாலே அடி தெரிந்துவிடும். இந்தச் சின்ன வகுத்தல் எந்தச் செயற்கைக்கோள் படத்தையும்விட எனக்கு அதிகம் புரியவைத்தது.

2019 ஜூனில் இருப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் வழங்கல் பூஜ்யம் ஆகவில்லை, 525 எம்.எல்.டி.க்கு இறங்கியது. எங்கிருந்து? மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள் தலா 100. கடலூர் மாவட்டத்து வீராணத்திலிருந்து குழாயில் 180. மிச்சம் நெய்வேலிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள், திருவள்ளூர் கிணற்றுத் தொகுப்புகள், விவசாயிகளின் வாடகைக் கிணறுகள், மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டைகள். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை, தேங்காய், கேமரா எல்லாம் இருந்தது. நாளுக்கு நான்கு ரயில் வந்தாலும் 10 எம்.எல்.டி.தான், 525-ல் இரண்டு சதவீதம்கூட இல்லை. படம் எடுக்க ரயில் நன்றாக இருந்தது. ஊரைத் தாங்கியதில் பெரும்பங்கு எந்தப் படத்திலும் இல்லாத குழாய்களுடையது.

இந்த இடத்தில் 'டே ஜீரோ' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2018-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் கொடுத்த சொல். அங்கே அதற்குத் துல்லியமான பொருள் இருந்தது: அணைகளின் இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கும் நாளில் வீட்டுக் குழாய்களை மூடிவிடுவோம். 200 இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாள் வரவில்லை. மக்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்திக்கொண்டார்கள், அப்புறம் மழையும் வந்தது. அடுத்த வருடம் உலகப் பத்திரிகைகள் அதே சொல்லைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வந்தன. லியோனார்டோ டிகாப்ரியோகூட நம் ஊர்க் கிணற்றுப் படத்தைப் பகிர்ந்தார்.

சென்னை 13.5 சதவீதக் கோட்டை எப்போதோ தாண்டியிருந்தது. எந்த அறிவிப்பும் இல்லை, எந்தச் சைரனும் ஊதவில்லை. ஏனென்றால் கேப் டவுனில் பேரழிவு என்று வரைந்து வைத்திருந்த காட்சி, அதாவது தெருவில் குடத்தோடு வரிசை, சென்னையின் பாதித் தெருக்களில் சாதாரணச் செவ்வாய்க்கிழமை. இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வரும் ஊருக்குத்தான் குழாய் நிற்கும் நாள் என்று ஒன்று உண்டு. இங்கே குழாயோடு சம்ப் உண்டு, கிணறு உண்டு, போர் உண்டு, லாரி உண்டு, கேன் உண்டு, தெருமுனைக் கறுப்பு டேங்க் உண்டு. ஒன்று நின்றால் இன்னொன்று, காசு இருக்கிறவரைக்கும்.

இன்னும் விசித்திரம் ஒன்று. விரிவான மாநகராட்சிப் பகுதியின் 2011 மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம். 525 எம்.எல்.டி.யை வகுத்தால் ஆளுக்கு 78 லிட்டர். கேப் டவுன் கட்டுப்பாட்டைவிட அதிகம்! ஓர் ஒப்பீட்டு அட்டவணையில் சென்னை அந்தக் கோடையில் கேப் டவுனைவிடச் சுகமாக இருந்ததாகத் தெரியும். புள்ளியியல் நண்பர் இதைக் கண்டுபிடித்துவிட்டு அரை நாள் பேசவில்லை.

மண்ணுக்குக் கீழே

525-க்கு வெளியே இன்னொரு ஊரே இருக்கிறது. வீட்டுக் கிணறும் போரும் தனியார் லாரியும் எந்த வாரியக் கணக்கிலும் வராது. எங்கள் தெரு முழுக்க அதில்தான் வாழ்ந்தது. இதை உலகத் தரவு எப்படிப் பார்க்கிறது?

கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் 2002-ல் ஏவப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாக 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்து, பூமியின் ஈர்ப்பு எங்கே கூடுகிறது, குறைகிறது என்று அளந்தன. நிலத்தடி நீர் குறைந்தால் நிலத்தின் எடை குறையும், ஈர்ப்பும் துளி குறையும். இப்படித்தான் பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் பகுதியில் 2002-க்கும் 2008-க்கும் இடையே 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் காணாமல் போனதைக் கண்டுபிடித்தார்கள். அபாரமான வேலை. அதை அப்படியே சென்னைக்குக் கொண்டுவரலாம் என்று ஆசையோடு உட்கார்ந்தோம்.

முடியாது. கிரேஸ் தெளிவாகப் பார்க்கக்கூடிய பரப்பு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு மொத்தமே 1,30,000. சென்னை மாநகராட்சி 426. யானையை நிறுக்கும் தராசில் கடுகை வைத்த கதைதான்.

இதே சமயத்தில் நாடு முழுக்க ஒரு வரி சுற்றிக்கொண்டிருந்தது. மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் 2018 ஜூனில் வெளியிட்ட நீர் மேலாண்மைக் குறியீட்டு அறிக்கையில், டெல்லி, பெங்களூரு, சென்னை, ஹைதராபாத் உள்பட 21 நகரங்களில் 2020-க்குள் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் அடுக்ககக் கூட்டத்தில் ஒருவர் வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டார்.

நிலத்தடி நீருக்கு நம்மிடம் உள்ள வழக்கமான கணக்கு ஒரு விகிதம். வருடத்தில் எவ்வளவு எடுக்கிறோம், எவ்வளவு ஊறுகிறது என்று பார்த்து, 100 சதவீதத்தைத் தாண்டினால் 'அதிகமாகச் சுரண்டப்பட்டது' என்று முத்திரை. இது வரவுக்கும் செலவுக்கும் உள்ள உறவு. வங்கியில் மொத்தம் எவ்வளவு கிடக்கிறது என்பதை இந்த விகிதம் சொல்லவே சொல்லாது. வரவுக்கு மீறிச் செலவு செய்கிறவன் என்றாவது ஒருநாள் மாட்டுவான், சரி. ஆனால் என்று மாட்டுவான் என்று சொல்லச் சேமிப்பு தெரிய வேண்டும். தேதி குறித்தது விகிதம் தாங்கக்கூடிய வேலை இல்லை.

அதிலும் சென்னைக் கடற்கரையோர மணல் தனி ரகம். கோடையில் சட்டென்று இறங்கும், ஒரு நல்ல மழைக்குச் சட்டென்று ஏறும். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு அந்த ஏற்றத்தை நேரில் பார்த்தவர்கள் நிறைய பேர். 2020 வந்தது, போனது. எங்கள் உறைகிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அபாயம் இல்லை என்று சொல்லவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்துக் கடல்நீர் உள்ளே நுழைந்த கதை ஊரறிந்தது. அங்கே பிரச்சினை நீர் தீர்ந்தது இல்லை, உப்பாகியது. 'தீர்ந்துவிடும்' என்ற பயம் உப்பைக் கவனிக்கவிடவில்லை.

உலக வள நிறுவனம் 2019 ஆகஸ்டில் வெளியிட்ட பட்டியலில் மிக அதிக நீர் நெருக்கடியுள்ள 17 நாடுகளில் இந்தியா 13-ஆவது. அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான வரைபடம் ஆற்றுப்படுகை வாரியாகக் கணக்குப் போடுகிறது. சென்னை குடிப்பது சென்னைப் படுகையின் தண்ணீர் மட்டுமா? ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் வருவது கிருஷ்ணா. ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி., அதாவது 12,000 மில்லியன் கனஅடி. வீராணத்தில் நிற்பது காவிரி. ஆந்திராவில் மழை பெய்ததா, மேட்டூர் திறந்ததா என்பதெல்லாம் நம் குழாய்க்குள் இருக்கிறது. படுகைக் கோட்டை வைத்துப் பார்த்தால் அது தெரியாது.

பத்து நிமிஷம்

எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அம்மா வேளச்சேரியில் ஒரு சந்தில் குடியிருக்கிறார். உலகக் கணக்கெடுப்புக் கேள்வியை அவரிடம் அப்படியே கேட்டுப் பார்த்தேன்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து நாடுகளின் குடிநீர் நிலையைக் கண்காணிக்கின்றன. அதில் ஓர் ஏணி உண்டு. குழாய், பாதுகாப்பான கிணறு போன்ற மேம்பட்ட ஆதாரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவர, வரிசையில் நிற்பதையும் சேர்த்து, போய்வர 30 நிமிடத்துக்குள் என்றால் 'அடிப்படை' சேவை. அதற்கு மேல் போனால் ஒரு படி கீழே. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகள் வந்த பிறகு லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும்கூட மேம்பட்ட ஆதாரங்களில் சேர்ந்துவிட்டன.

"தண்ணி பிடிச்சிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"லாரி வந்துட்டா பத்து நிமிஷம் சார்."

"வரலைன்னா?"

"வர்ற வரைக்கும்."

பத்து நிமிஷம் என்று எழுதினால் அவர் 'அடிப்படை' படியில் நிம்மதியாக ஏறிவிடுவார். அவருடைய தூக்கம் எந்தப் படியிலும் இல்லை. லாரி ராத்திரி ஒரு மணிக்கு வரலாம், மூன்று மணிக்கு வரலாம், வராமலும் போகலாம். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு யாராவது ஒருத்தர் விழித்திருக்க வேண்டும். அந்த வீட்டில் அது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள்.

காசுக் கணக்கும் இப்படித்தான். எங்கள் அடுக்ககம் வாங்கிய லாரித் தண்ணீரின் விலை அந்த ஜூனில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, அதுவும் முன்பணம் கட்டி மூன்று நாள் காத்திருந்து. நாங்கள் கொடுத்த ரூபாய் எல்லாம் நாட்டு உற்பத்திக் கணக்கில் வளர்ச்சியாகச் சேர்ந்திருக்கும். மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்து கிணற்றில் தண்ணீர் ஊறியிருந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது. பொருளாதாரம் படித்தவர்களுக்குப் பழைய நகைச்சுவைதான் இது. மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தில் வந்து உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு வீடாகப் போய்க் கேட்கும் பெரிய கணக்கெடுப்பு என்றால் தேசியக் குடும்பநல ஆய்வு. நான்காவது சுற்று 2015-16. ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டின் முறை வந்தது 2020-21. 2019 கோடை இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. பிற்காலத்தில் யாராவது இந்த வரிசையை மட்டும் பார்த்தால், சென்னையில் அப்படி ஒரு கோடை வந்ததே தெரியாது.

கொசு

நோய்ப் பகுதியில் நாங்கள் அதிகம் முன்னேறவில்லை, சுருக்கமாகவே சொல்கிறேன். சியாட்டிலில் இருந்து வரும் உலக நோய்ச்சுமை ஆய்வில் பாதுகாப்பற்ற குடிநீரால் எத்தனை இழப்பு என்று பார்க்கலாம். 2017-லிருந்து இந்திய மாநிலங்களுக்கும் தனித்தனியாக உண்டு. தமிழ்நாடு ஒரு வரி; சென்னைக்கு வரியே இல்லை. வருடக் கணக்கு என்பதால் ஒரு கோடை அதில் கரைந்துவிடும்.

தண்ணீர்ப் பஞ்சம் என்றதும் வயிற்றுப்போக்கு, காலரா என்றுதான் மனம் ஓடுகிறது. நியாயம்தான். ஓ139 என்ற புதிய காலரா வகை 1992-ல் முதன்முதலில் அறியப்பட்டது இதே மதராஸில். ஆனால் சாருடைய மனைவி வேறொன்றைச் சொன்னார்: "எல்லாரும் டிரம்முல தண்ணி பிடிச்சு வெச்சிருக்காங்களே, கொசு சும்மா இருக்குமா?" டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மூடாத டிரம் அரண்மனை. நகர மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலஸ் ஸ்டீபன்சி மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். சென்னைக்கு அது பழைய எதிரி. 2012-ல் அது ஜிபூட்டியில் தலைகாட்டி, பிறகு எத்தியோப்பியா என்று ஆப்பிரிக்க நகரங்களுக்குப் பரவி, 2022-ல் உலக சுகாதார நிறுவனம் அதற்கென்றே தனித் திட்டம் அறிவிக்கும் அளவுக்குப் போனது. மழை கூடினால் கொசு கூடும் என்று மழையை மட்டும் வைத்துக் கணிக்கிற கணக்கு, மழையே இல்லாத ஊரில் டிரம்முக்குள் வளரும் கொசுவைத் தவறவிடும்.

இப்போது

மழை 2019 அக்டோபருக்குப் பிறகு வந்தது. எங்கள் மூவர் குழு கலையவில்லை. தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020-ல் சேர்ந்தது. நெம்மேலியில் 150 எம்.எல்.டி.யில் இரண்டாவது ஆலை 2024-ல் ஓட ஆரம்பித்தது. ஒரு வருடப் பானை கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, ஆட்களும் கூடியிருக்கிறார்கள்.

எங்களிடம் இப்போது ஓர் அட்டவணை இருக்கிறது. மழைக்கு உலகத் தரவு, அப்படியே எடுத்துக்கொள்கிறோம். பெரிய ஏரிகளுக்கு மெட்ரோ வாட்டர் பக்கம். சின்ன ஏரிகளுக்குச் செயற்கைக்கோள், ஆனால் மழை மேகம் விலகும் தைக்குப் பிறகு எடுத்த படம். கிணற்று மட்டம் என்ற பத்திக்கு வெளியே எங்கிருந்தும் எண் வராது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலும் பக்கத்து இரண்டு தெருக்களிலும் கனமான போல்ட் கட்டிய கயிற்றைக் கிணற்றில் விட்டு அளக்கிறோம். முதலில் சிரித்தவர்கள் இப்போது அவர்களே கூப்பிட்டு எண்ணைச் சொல்கிறார்கள். தனித்தனியாக மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டிருந்த நான்கு வீட்டுக்காரர்கள் கயிற்றைப் பார்த்துவிட்டு முறை வைத்துக்கொண்டார்கள்.

கடைசிப் பத்தி லாரிக் காத்திருப்பு. 2019 ஜூலையில் நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் ஒன்றை வேளச்சேரி அம்மாவிடம் கொடுத்திருந்தேன். மகள்தான் குறித்தாள், லாரி வந்த நேரத்தை நீலப் பேனாவிலும், வராத இரவுக்குச் சிவப்புக் கோடும். மாதக் கடைசியில் திரும்பி வந்த தாளில் நான் கேட்காத ஒன்றும் இருந்தது: சில கட்டங்களின் மூலையில் சின்னதாக 'ஸ்கூல் லீவு'. எல்லாம் சிவப்புக் கோட்டுக்கு அடுத்த நாள்.

போன கோடையில் அக்கா மறுபடி பேசினாள். ஏதோ செய்தி பார்த்திருக்கிறாள்.

"தண்ணி இருக்காடா? எங்கேருந்து வருது?"

"பாதி கிணத்துலேருந்துக்கா. பதினெட்டு அடியில நிக்குது, போன ஞாயித்துக்கிழமை கயிறு விட்டோம். பாதி லாரி. லாரி திருப்போரூர் பக்கம் ஒரு வயக்கிணத்துலேருந்து வருது. அந்தக் கிணறு எவ்வளவுல நிக்குதுன்னு டிரைவர்கிட்ட கேட்டிருக்கேன், சொல்றேன்."